முதல் வருடம் தொடங்கி ஐந்து வாரம். யாரிடமும் பேச வரவில்லை. என்ன செய்வது?

முந்திரிக்காடு | அக்டோபர் 15, இரவு 11:40

வணக்கம். இங்கே நிறையப் படித்திருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் இசிஇ கிடைத்தது. படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டிவிடுகிறது. அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வருகிறது. அதனால் பணம் பிரச்சினை இல்லை. வீட்டில் முதல் பட்டதாரி நான்தான்.

பேச்சுதான் பிரச்சினை. சின்ன வயதிலிருந்தே எனக்குக் கூச்சம். வீட்டுக்கு யாராவது வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் அது தெரியவே இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அதே முப்பது பேர். யாரிடமும் புதிதாகப் போய்ப் பேச வேண்டிய தேவையே வரவில்லை.

இங்கே முதல் நாளே ஒவ்வொருவராக எழுந்து ஆங்கிலத்தில் அறிமுகம் செய்யச் சொன்னார்கள். பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை. மூன்றாவது வாரம் கணக்கு வகுப்பில் கெய்லி-ஹாமில்டன் தேற்றத்தைச் சொல்லச் சொல்லி என்னை எழுப்பினார்கள். எனக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரி நான்கு கணக்கு போட்டுப் பார்த்திருந்தேன். எழுந்து நின்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். சார் "நெக்ஸ்ட்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில், தூணுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறேன்.

மெஸ்ஸுக்கு ஒன்பது மணிக்கு, மூடப்போகிற நேரத்துக்குத்தான் போவேன். அப்போது தனியாக உட்கார்ந்தால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. பல நாள் குழம்பு தீர்ந்து மோர்தான் இருக்கும். அறையில் என்னோடு இரண்டு பேர். நல்லவர்கள்தான். இரண்டு பேரும் கோயம்புத்தூரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் இயர்போனை மாட்டிக்கொள்வேன். அதில் பாட்டு எதுவும் ஓடாது.

அம்மா தினமும் எட்டு மணிக்கு போன் செய்து, "கூட்டாளிங்க இருக்காங்களாப்பா?" என்று கேட்கும். இருக்காங்க என்று சொல்கிறேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனால் திரும்பி வரமாட்டேனோ என்று பயமாக இருக்கிறது. இந்தக் கூச்சம் போகுமா? போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வெண்தாள் | அக்டோபர் 15, இரவு 11:58

தம்பி, மற்றதெல்லாம் இருக்கட்டும். நாளையிலிருந்து எட்டு மணிக்கே போய்ச் சாப்பிடுங்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாலும் சரி, யாரோடும் பேசாவிட்டாலும் சரி. ஐந்து வாரமாகக் குறைச்சலாகச் சாப்பிடுகிற உடம்புக்கு எல்லாமே இருக்கிறதைவிடப் பெரிசாகத் தெரியும். நான் நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

சோடியம் விளக்கு | அக்டோபர் 16, காலை 6:15

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. அந்த ஓடாத இயர்போன் எனக்கும் தெரியும். என் காலத்தில் அது ஒரு வாரப் பத்திரிகை. ஒரே பக்கத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்களிடம் எல்லோரும் "கூச்சத்தை விடு, எல்லோரிடமும் சகஜமாகப் பேசு" என்றுதான் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். நீச்சல் தெரியாதவனிடம் நீந்து என்று சொல்வது போன்ற பேச்சு அது. எனக்கு உதவியது வேறு.

இயற்பியல் ஆய்வகத்தில் ஏர்வெட்ஜ் சோதனை இருக்கும். உங்களுக்கு இன்னும் வராவிட்டால் சீக்கிரம் வரும். இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒரு முனையில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, மறுமுனையில் நடுவே ஒரு மெல்லிய கம்பியைச் செருகுவார்கள். மேலே சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் விழும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் கறுப்பும் மஞ்சளுமாகக் கோடு கோடாகத் தெரியும். ஐந்து ஐந்து கோடாக ஐம்பது வரை நகர்த்தி ஒவ்வொன்றுக்கும் அளவு எடுக்க வேண்டும். கடைசியில் அந்தக் கம்பியின் தடிமன் கிடைக்கும்.

இதை ஒரே ஆள் செய்வது கஷ்டம். அறை இருட்டு. ஒருவர் கோட்டைப் பிடித்து, முதன்மை அளவுகோலையும் (எம்எஸ்ஆர்) வெர்னியர் அளவுகோலையும் (விஎஸ்சி) படிக்க வேண்டும், இன்னொருவர் எழுத வேண்டும். என்னோடு ஜோடி போட்ட பையன் எங்கள் வகுப்பிலேயே வாயாடி. ஆனால் அவனுக்குக் கோடு நிற்கவில்லை, எண்ணிக்கை விட்டுவிட்டான். மூன்றாவது தடவை அவன் எழுந்து எனக்கு இடம் விட்டான். "எம்எஸ்ஆர் ஏழு புள்ளி மூன்று ஐந்து. விஎஸ்சி இருபத்து நான்கு." அந்தக் கல்லூரியில் நான் தடுமாறாமல் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். ஒன்றரை மணி நேரம் நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். முடிந்ததும் "நாளைக்கு ரெக்கார்டு எழுத உன் ரூமுக்கு வரேன்டா" என்றான். வந்தான். நான்கு வருடமும் வந்தான்.

நான் அன்றைக்குத் தைரியசாலி ஆகிவிடவில்லை. என் மனசு கோட்டின் மேல் இருந்தது, என் மேல் இல்லை. அவ்வளவுதான் நடந்தது. நம்மைப் போன்றவர்களுக்குப் பேச்சு தனியாக வராது, கையில் ஒரு வேலை இருந்தால் அதன் பின்னாலேயே வரும். அதனால் பேசப் பழகுவதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். வகுப்புப் பிரதிநிதியிடம் போய், "அப்சர்வேஷன் நோட்டை நான் சேகரித்துக் கொடுக்கவா?" என்று கேளுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அந்த வேலையைச் செய்ய யாருக்கும் பிடிக்காது. அறுபது பேரிடமும் பேச உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். "நோட் குடுங்க." இரண்டு சொல் போதும்.

கரும்பலகை | அக்டோபர் 16, மதியம் 1:05

பதினாறு வருடமாக முதலாம் ஆண்டுக்கு வகுப்பு எடுக்கிறேன், அதனால் மேடைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அந்தக் கணக்கு வகுப்பு. தெரியாமல் நிற்கிற முகமும், தெரிந்தும் வாய் வராமல் நிற்கிற முகமும் வேறு வேறு. ஒரு நிமிடம் பொறுத்தால் எந்த ஆசிரியருக்கும் தெரியும். உங்களுக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. அது உங்கள் தவறு இல்லை. நானே ஆரம்பத்தில் சில பிள்ளைகளிடம் அப்படி அவசரப்பட்டிருக்கிறேன், இன்றும் வருத்தமாக இருக்கிறது. இப்போது முதல் செமஸ்டரில் பெயர் சொல்லி எழுப்புவதில்லை. கேள்வியைப் பலகையில் எழுதி, எல்லோரையும் தாளில் விடை எழுதச் சொல்லி, நடுவே நடந்து பார்க்கிறேன். யாருக்கு என்ன தெரியும் என்று எனக்கு அதிலேயே புரிந்துவிடுகிறது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. அந்தக் கணக்கு ஆசிரியரை வகுப்பில் அல்ல, ஸ்டாஃப் ரூமில் போய்ப் பாருங்கள். போட்ட கணக்கைக் கையில் எடுத்துப் போங்கள். "சார், இந்த வரி சரியா?" என்று நோட்டைக் காட்டினால் போதும், தமிழிலேயே கேளுங்கள். ஸ்டாஃப் ரூமில் ஆசிரியர் வேறு ஆளாக இருப்பார். தனியாக வந்து நோட்டை நீட்டும் பிள்ளையை எங்களுக்கு மறக்கவே மறக்காது.

இன்னொன்று, முதல் செமஸ்டரில் தமிழர் மரபு என்று ஒரு பாடம் இருக்குமே? அதன் பாடத்திட்டமே தமிழிலும் இருக்கிறது. வகுப்பில் முதல் கேள்வியை அங்கே கேளுங்கள். தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் அந்த ஒரு மணி நேரத்தில் முகம் மாறி உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். சிபிஎஸ்இ பிள்ளைகள் அவர்களிடம் திரும்பி அர்த்தம் கேட்பார்கள்.

உங்களுக்கு ஒரு மென்டர் ஒதுக்கியிருப்பார்கள். ஏறக்குறைய இருபது பேருக்கு ஓர் ஆசிரியர். பல கல்லூரிகளில் அது கையெழுத்து வாங்குவதோடு நின்றுவிடுகிறது, உண்மைதான். அவர் யார் என்று கண்டுபிடித்து ஒரு தடவை போய் நின்றுவிடுங்கள்.

வருகைப்பதிவை மட்டும் விட்டுவிடாதீர்கள். கூச்சத்தால் ஒரு வகுப்பைத் தவிர்த்தால் அடுத்த வகுப்புக்குப் போவது இரண்டு மடங்கு கஷ்டமாகும். 75 சதவீதத்துக்குக் கீழே போன பிள்ளைகளில் பாதிப்பேர் சோம்பேறிகள் இல்லை, உங்களைப் போன்றவர்கள்தான். இது என் அனுபவத்தில் சொல்வது.

ஐந்தாவது செமஸ்டர் | அக்டோபர் 16, மாலை 7:30

சோடியம் விளக்கு அண்ணன் சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு.

நானும் அப்படித்தான் வேலையைப் பிடித்துக்கொண்டேன். விழா என்றால் நாற்காலி போடுவது, போஸ்டர் ஒட்டுவது, மைக் செட் பார்ப்பது எல்லாம் நான்தான். எல்லோருக்கும் என்னைத் தெரியும். ஆனால் மைக்கை மேடையில் வைத்துவிட்டு இறங்கிவிடுவேன், அதன் முன்னால் நின்றதில்லை. இரண்டு வருடம் அப்படியே போனது. இப்போது கம்பெனிகளுக்குப் பயிற்சி என்று குழு விவாதம் வைக்கிறார்கள். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்தால் பத்து நிமிடம் முழுக்க ஒரு வார்த்தை வருவதில்லை. கையில் எந்த வேலையும் இல்லாமல் வெறுமனே பேச வேண்டிய இடம் அது. வேலை எனக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகிவிட்டது.

தம்பி, முதல் வருடத்தில் செமினார் வந்தால் தப்பிக்காதீர்கள். கை நடுங்கினாலும் போய் நில்லுங்கள். முதல் வருடத்தில் எல்லோருமே தடுமாறுவார்கள், யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றாம் வருடத்தில் முதல் தடவையாகத் தடுமாறுவது ரொம்ப வலிக்கிறது.

சோடியம் விளக்கு | அக்டோபர் 16, இரவு 9:10

நியாயம். நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். நாற்காலி போடுவதும் அளவைச் சொல்வதும் ஒன்று இல்லை. பேசாமலே முடித்துவிடக்கூடிய வேலையை எடுத்தால் ஒளியத்தான் செய்வோம். இரண்டு வார்த்தையாவது பேசினால்தான் முடியும் என்கிற வேலையாகப் பார்த்து எடுக்க வேண்டும். நான் அதைப் பிரித்துச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

முந்திரிக்காடு | அக்டோபர் 17, இரவு 10:50

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் பதில் எழுதுவார்கள் என்று நினைக்கவில்லை. இன்று எட்டு மணிக்குப் போய்ச் சாப்பிட்டேன். சப்பாத்தி, குருமா. கூட்டமாக இருந்தது. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

இன்னொரு விஷயம், முதல் பதிவில் எழுதவில்லை. இரண்டாவது வாரம் இரண்டாம் வருடத்து அண்ணன்கள் மூன்று பேர் ராத்திரி என்னை அவர்கள் அறைக்குக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார்கள். பாட வரவில்லை என்றேன். வரும் வரை நில் என்று சொல்லிவிட்டார்கள். அடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் நின்றேன். மற்றவர்கள் பாடிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். அவர்களெல்லாம் இப்போது அந்த அண்ணன்களோடு கிரிக்கெட் விளையாடுகிறார்கள். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

கரும்பலகை | அக்டோபர் 18, காலை 7:20

இல்லை. நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. அது ராகிங்தான். அடித்தால்தான் ராகிங் என்று சட்டம் சொல்லவில்லை. கூச்சத்தில் நெளிய வைப்பதும், பயப்பட வைப்பதும் அதில் அடங்கும்.

தமிழ்நாட்டில் இதற்கென்று 1997லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. 1996ல் ஒரு மருத்துவ மாணவர் விடுதியில் கொல்லப்பட்ட பிறகு வந்த சட்டம் அது. இரண்டு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். 2009ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த விதிகளின்படிதான் நீங்களும் உங்கள் பெற்றோரும் சேரும்போது உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். அந்த அண்ணன்களும் போட்டிருக்கிறார்கள். 1800-180-5522 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

"எல்லோரும் சிரித்துக்கொண்டு போனார்களே" என்பது வாதமே இல்லை. கலகலப்பான பையனுக்கு இரண்டு நிமிடத்தில் முடிகிற விளையாட்டு கூச்சப்படுகிற பையனுக்கு முக்கால் மணி நேரத் தண்டனை. பழக வைக்கிறோம் என்ற பெயரில் யாருக்குப் பழக்கம் அதிகம் தேவையோ அவனைத்தான் விரட்டுகிறார்கள். இதில் எனக்குக் கோபம் அதிகம், மன்னியுங்கள். மறுபடி கூப்பிட்டால் போகாதீர்கள், அன்றைக்கே வார்டனிடம் சொல்லுங்கள். நேரில் சொல்ல வராவிட்டால் ஒரு தாளில் தேதி, நேரம், அறை எண் எழுதிக் கொடுங்கள்.

பதினாலாம் நம்பர் பஸ் | அக்டோபர் 18, மாலை 6:40

நான் விடுதி இல்லை, தினமும் கல்லூரி பஸ்ஸில் போய் வருகிறவள். இரண்டாம் வருடம். நானும் அரசுப் பள்ளிதான், மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டப் பணம் வாங்குகிறேன். விடுதியில் இருப்பவர்களுக்குத்தான் தனிமை என்று இல்லை தம்பி. எங்கள் பஸ் சரியாக நாலரைக்குக் கிளம்பிவிடும். சங்கம், போட்டி, ஒத்திகை எல்லாம் நாலரைக்கு மேல்தான் ஆரம்பிக்கும். நட்பெல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கிறது, நாங்கள் அப்போது பெருங்களத்தூர் டிராஃபிக்கில் நிற்போம்.

எனக்குக் கைகொடுத்தது என்எஸ்எஸ். முதல் வருடத்தில் என்எஸ்எஸ், என்சிசி என்று ஏதாவது ஒன்றில் சேரத்தானே சொல்கிறார்கள், நான் சும்மா சேர்ந்தேன். ஏழு நாள் முகாம் என்று ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே என்னைச் செலவுக் கணக்கு எழுதச் சொன்னார்கள். அரிசி எத்தனை கிலோ, தக்காளி என்ன விலை, மிச்சம் எவ்வளவு. ராத்திரி எல்லோரும் என்னிடம் வந்து பில்லைக் கொடுக்க வேண்டும். பில் இல்லாமல் காசு கேட்ட ஒரு சீனியர் அண்ணனிடம் "பில் இல்லாம எழுத முடியாதுண்ணா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கை நடுங்கியது. ஆனால் சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் நாள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் எட்டுப் பேர் சேர்ந்து வர்ணம் அடித்தோம். அந்த எட்டுப் பேரில் மூன்று பேர்தான் இன்றைக்கும் என் கூட்டாளிகள். பஸ்ஸில் அல்ல, வகுப்பில் அல்ல, அங்கே கிடைத்தவர்கள். நிறையப் பேர் வேண்டாம் தம்பி. மூன்று பேர் போதும், உண்மையாகவே போதும்.

மகாவலி | அக்டோபர் 19, இரவு 8:25

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன். தம்பியின் பதிவை ஒரு நண்பர் அனுப்பிவைத்தார்.

எனக்கு மொழிப் பிரச்சினை இரண்டு மடங்கு. விரிவுரைகள் ஆங்கிலத்தில். விடுதியிலும் கன்டீனிலும் சிங்களம். நான் தமிழில் மட்டும் உயர்தரம் (உங்கள் பன்னிரண்டாம் வகுப்பு போன்றது) படித்துவிட்டு வந்தவன். அக்பர் விடுதியில் என் அறைத்தோழன் குருநாகலைச் சேர்ந்தவன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. முதல் மாதம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு இருந்தோம். நான் அவன் கர்வம் பிடித்தவன் என்று நினைத்தேன். அவனும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்தான் என்று இரண்டாம் வருடம்தான் தெரிந்தது. அவனும் என்னைப் போலவே கூச்சக்காரன்.

வெள்ளிக்கிழமைகளில் அக்பர் பாலத்தைக் கடந்து குறிஞ்சிக் குமரன் கோயிலுக்குப் போவேன். வளாகத்துக்குள்ளேயே மேட்டில் இருக்கிற கோயில், மாணவர்கள்தான் பொறுப்பெடுத்து நடத்துவார்கள். முதலில் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். ஒருநாள் பூசை முடிந்து பாத்திரம் கழுவ ஆள் குறைவு என்று ஓர் அண்ணா கூப்பிட்டார். சக்கரைப்பொங்கல் அடிப்பிடித்த கிடாரம். சாம்பலும் தேங்காய்ப்பொச்சும் போட்டு இரண்டு பேராகத் தேய்த்தோம். என்னோடு தேய்த்தவர் மருத்துவ பீடம், மட்டக்களப்பு. தேய்த்து முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அவருடைய அம்மாவின் வருத்தம், என்னுடைய அப்பா, வீடு, எல்லாம் கதைத்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, இரண்டு பேரும் கிடாரத்தைத்தான் பார்த்தோம். நேருக்கு நேர் பார்க்காமல் கதைப்பது எனக்கு எவ்வளவு லேசாக இருந்தது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு அதே போல அறைத்தோழனோடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கணக்குச் செய்யத் தொடங்கினேன். எண்களுக்கு மொழி தேவையில்லை. எனக்குச் சிங்களத்தில் முதலில் வாயில் வந்தவை எண்கள்தான். அவனுக்கு என்னிடமிருந்து வந்தவையும் அவைதான்.

தம்பி, உம்முடைய அறைத்தோழர்கள் இரண்டு பேரும் தமிழர்கள். நீர் நினைக்கிற தூரம் இல்லை அது.

வெண்தாள் | அக்டோபர் 20, காலை 10:15

நாளைக்கு எழுதுகிறேன் என்று சொல்லி நான்கு நாளாகிவிட்டது. நான் மாணவர் ஆலோசகராக வேலை பார்க்கிறேன், அதனால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

மகாவலி எழுதியது எல்லா ஊரிலும் நடக்கிறது. 2018ல் உளவியலாளர்கள் சிலர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புதிதாகச் சந்தித்துப் பேசிய இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டால், "எனக்கு அவரைப் பிடித்தது, அவருக்கு என்னை அவ்வளவு பிடித்திருக்காது" என்று இரண்டு பேருமே சொல்கிறார்கள். ஒரே விடுதியில் சேர்ந்து தங்கிய முதலாம் ஆண்டு மாணவர்களையும் வருடம் முழுக்கத் தொடர்ந்து பார்த்தார்கள். அந்த எண்ணம் மாதக்கணக்கில் அப்படியே இருந்து, கல்வியாண்டு முடியும்போதுதான் சரியானது. ஐந்து வாரத்தில் உங்களுக்குத் தோன்றுவதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கூச்சம் அபூர்வமான விஷயமும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் ஜிம்பார்டோ என்பவர் 1970களில் கேட்டபோது நூற்றில் நாற்பது பேர் தங்களைக் கூச்சக்காரர்கள் என்றே சொன்னார்கள். உங்கள் வகுப்பில் அறுபது பேர் என்றால் எத்தனை பேர் உங்களைப் போல் தூணைத் தேடுகிறார்கள் என்று பாருங்கள்.

இரண்டாவது, இது முக்கியம். கூச்சம் வேறு, உள்ளுக்குள் அமுக்குகிற துக்கம் வேறு. தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காலையில் எழவே பிடிக்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அதைக் கூச்சம் என்று நினைத்து மறைக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. முகம் தெரியாது என்பதால் கூச்சப்படுகிறவர்களுக்கு அது உண்மையில் சுலபமாக இருக்கும். அம்மாவிடமும் "இன்னும் கூட்டாளி கிடைக்கலம்மா, தேடிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். தினமும் எட்டு மணிக்குப் பொய் சொல்ல வேண்டியிருப்பதே ஒரு பாரம்.

முந்திரிக்காடு | நவம்பர் 4, இரவு 9:55

திரும்பி வந்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தூக்கம் வருகிறது வெண்தாள் சார், அந்த அளவுக்கு இல்லை. அம்மாவிடம் சொன்னேன். நேரில்தான் சொன்னேன். அம்மா முந்திரி உடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு அந்த வேலைதான். வறுத்த கொட்டையைக் கட்டையில் வைத்துத் தட்டி, பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும், அதனால் சாம்பலைத் தொட்டுத் தொட்டுச் செய்வார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தட்டினேன். மகாவலி அண்ணன் கிடாரத்தைப் பார்த்துக்கொண்டு பேசியதாக எழுதியது ஞாபகம் வந்தது. கொட்டையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அங்க யாரும் கூட்டாளி இல்லம்மா" என்றேன். அம்மா தட்டுவதை நிறுத்தவில்லை. "நானும் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்து ஆறு மாசம் யார்கிட்டயும் பேசலடா" என்றது. எனக்கு இது தெரியவே தெரியாது.

ஊரிலிருந்து வரும்போது ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியில் தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்தேன். பையில் அம்மா ஓட்டோடு கொஞ்சம் கொட்டையும் போட்டு வைத்திருந்தது. அறையில் பையைத் திறந்ததும் ஒரு கொட்டை உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அறைத்தோழன் எடுத்துப் பார்த்து, "இது என்னடா விதை?" என்றான். முந்திரி என்றேன். அவன் நம்பவில்லை. இன்னொருவனும் எழுந்து வந்தான். கடையில் வெள்ளையாகப் பார்த்தவர்கள், ஓட்டோடு பார்த்ததே இல்லை. பழத்துக்கு வெளியே கொட்டை தொங்கும் என்று சொன்னேன், அதையும் நம்பவில்லை, போனில் தேடிப் பார்த்தார்கள். எப்படி உடைப்பது, ஏன் சாம்பல், ஒரு கிலோவுக்கு எத்தனை கொட்டை உடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சொல்லி முடித்துப் பார்த்தால் அரை மணி நேரம் ஆகியிருந்தது. இயர்போன் பையிலேயே இருந்தது.

மறுநாள் மெஸ்ஸுக்குக் கூப்பிட்டார்கள். போனேன். அவர்கள் பேசினார்கள், நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எட்டு மணிக்கு மூன்று பேராக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

செமினார் பட்டியலில் பெயர் கொடுக்கவில்லை. அது இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஐந்தாவது செமஸ்டர் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஐந்தாவது செமஸ்டர் | நவம்பர் 4, இரவு 10:20

கோபம் எதற்கு? நானும் நேற்று குழு விவாதத்தில் ஒரு வாக்கியம் பேசினேன். ஒன்றே ஒன்று. அடுத்த செமஸ்டரில் நீங்கள் பெயர் கொடுக்கும் அன்று இங்கே வந்து எழுதுங்கள், நான் படிப்பேன்.

முந்திரிக்காடு | நவம்பர் 22, இரவு 8:50

சுருக்கமாக எழுதுகிறேன், நேரம் இல்லை.

கணக்கு சாரை ஸ்டாஃப் ரூமில் போய்ப் பார்த்தேன். முதல் தடவை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை உள்ளே போனேன். நோட்டைப் பார்த்துவிட்டு, "இது தெரிஞ்சுமா அன்னைக்கு நின்னே?" என்றார். ஆமாம் சார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த அலகிலிருந்து இரண்டு கணக்கு போட்டுக்கொண்டு வரச் சொன்னார். வகுப்பில் இன்னும் தூணுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறேன். அங்கே காற்றாடி இருக்கிறது, இடம் எனக்குப் பிடித்துவிட்டது.

போன வாரம் ஏர்வெட்ஜ் வந்தது. சோடியம் விளக்கு அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே மஞ்சள் கோடுகள். நான்தான் படித்தேன், கூட இருந்தவர் எழுதினார். நாற்பதாவது கோட்டில் எண்ணிக்கை தவறிவிட்டது. முதலிலிருந்து எடுத்தோம், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வகுப்புப் பிரதிநிதியிடம் கேட்டேன். இந்த வாரத்திலிருந்து இயற்பியல் ரெக்கார்டு நோட்டு சேகரிப்பது நான்தான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். ஐம்பத்தெட்டு வந்துவிட்டது, என் கட்டிலில்தான் அடுக்கி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் இன்னும் கொடுக்கவில்லை. ஒருவர் மூன்றாவது மாடி. கணக்கு வகுப்பில் அன்றைக்குப் பின்பெஞ்சிலிருந்து சிரித்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன். கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு வருகிறேன்.